தோட்டாவுக்குக் கணக்கு இருக்கிறது, லத்திக்கு இல்லை

தமிழ்நாடு அரசின் உள்துறைச் செயலாளருக்கும் காவல்துறைத் தலைமை இயக்குநருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம்.

பந்தோபஸ்துக்குக் கிளம்பும் ஆயுதப்படைக் காவலர் துப்பாக்கியும் தோட்டாக்களும் வாங்கிக்கொண்டு போனால், திரும்பி வந்ததும் எண்ணி ஒப்படைக்க வேண்டும். சுட்டிருந்தால் காலிக் கூட்டையாவது காட்ட வேண்டும். சுடச் சொன்னது யார், எத்தனை ரவுண்டு, எச்சரிக்கை கொடுத்தார்களா என்று அடுக்கடுக்காகக் கேள்வி வரும். ஆள் இறந்துவிட்டால் கோட்டாட்சியர் விசாரணை, சில சமயம் விசாரணை ஆணையம் என்று அது ஆண்டுக்கணக்கில் நீளும். அதே வண்டியில், அதே பந்தோபஸ்துக்கு, லத்தியோடு போனவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. எத்தனை பேரை அடித்தார், உடம்பில் எங்கே அடித்தார், யார் அடிக்கச் சொன்னார்கள் என்று எழுதிவைக்க ஒரு படிவம்கூடக் கிடையாது. முதல் தகவல் அறிக்கையில் ‘லேசான தடியடி நடத்திக் கூட்டம் கலைக்கப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கும். கதை அதோடு முடிந்தது.

அந்தப் படிவத்தைக் கேட்டுத்தான் இந்த மடல். அதோடு, லத்தி, கண்ணீர்ப்புகை, தண்ணீர் பீய்ச்சும் வண்டி, ரப்பர் குண்டு ஆகியவற்றை எப்போது, எப்படி, எதுவரை பயன்படுத்தலாம் என்ற விதிகளை எல்லோரும் படிக்கிற மாதிரி தமிழில் வெளியிட வேண்டும் என்றும் கேட்கிறேன்.

நான் தென்மாவட்ட நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்குகள் நடத்தும் வக்கீல். போராட்டக்காரர்களுக்காகவும் ஆஜராகியிருக்கிறேன், கல்லெறியில் மண்டை உடைந்த காவலருக்காகவும் ஆஜராகியிருக்கிறேன். இரண்டு பக்கத்துக் காயச் சான்றிதழ்களையும் படித்துப் படித்து ஒரு விஷயம் பழகிப்போய்விட்டது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தடியடிக்கு மறுநாள் அரசு மருத்துவமனையில் கிடைக்கும் ஏ.ஆர். காப்பியை, அதாவது காயத்தைப் பதியும் விபத்துப் பதிவேட்டின் நகலை, எடுத்துப் பாருங்கள். ‘கூட்டத்தில் ஓடும்போது கீழே விழுந்ததாகக் கூறப்படுகிறது’ என்று எழுதியிருக்கும். கூடவே எக்ஸ்ரே அறிக்கை இருக்கும். உள்ளங்கையை ஊன்றிக் கீழே விழுபவருக்குப் பெரும்பாலும் உடைவது மணிக்கட்டுப் பக்கம். தடியடியில் அடிபட்டு வருபவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது வேறு. முன்கையில் இருக்கும் இரண்டு எலும்புகளில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு நடுவில் முறிந்திருக்கும். தலையில் விழ வரும் அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினால் அடி விழுவது சரியாக அந்த இடத்தில்தான். மருத்துவ நூல்களே இந்த முறிவுக்குப் போலீஸ் தடியின் பெயரை வைத்திருக்கின்றன. நைட்ஸ்டிக் முறிவு என்கிறார்கள். ஆக, அறிக்கையில் ‘லேசான தடியடி’ என்று இருக்கும், எலும்பில் தலைக்குக் குறிவைத்த அடி இருக்கும். இரண்டுக்கும் நடுவில் நடந்ததைச் சொல்ல அரசிடம் ஒரு தாள்கூட இருக்காது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா வந்துவிட்டது. பழைய 129ஆவது பிரிவு இப்போது 148. எண் மாறியதே தவிர உள்ளே இருப்பது அதேதான். சட்டவிரோதமாகக் கூடியவர்களையும், பொது அமைதியைக் குலைக்கக்கூடிய 5 பேர் அல்லது அதற்கு மேற்பட்ட கூட்டத்தையும் கலைந்து போகச் சொல்லும் அதிகாரம் நிர்வாக நடுவருக்கும் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும் உண்டு. பொறுப்பு அதிகாரி இல்லாவிட்டால் உதவி ஆய்வாளருக்குக் குறையாத ஒருவர் சொல்லலாம். சொல்லியும் கலையாவிட்டால், அல்லது கலையமாட்டோம் என்று நடத்தையிலேயே காட்டினால், பலத்தைப் பயன்படுத்திக் கலைக்கலாம். எவ்வளவு பலம்? அந்தப் பிரிவு வாயைத் திறப்பதில்லை.

அடுத்த பிரிவைப் புரட்டினால்தான் வேடிக்கை. 149ஆவது பிரிவு, பழைய 130, ராணுவத்தை வரவழைத்துக் கூட்டத்தைக் கலைப்பது பற்றியது. கலைப்பதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுக்குள், முடிந்தவரை குறைந்த பலத்தையே பயன்படுத்த வேண்டும், ஆளுக்கும் உடைமைக்கும் முடிந்தவரை குறைந்த சேதமே ஏற்பட வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. எப்போதோ ஒருமுறை ஊருக்குள் வரும் ராணுவ அதிகாரிக்குச் சட்டத்தின் எழுத்திலேயே கடிவாளம் இருக்கிறது. தினமும் தெருவில் நிற்கும் காவலருக்கு அதே சட்டத்தில் அந்த வரி இல்லை. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த ஓட்டை, 2023இல் எல்லாவற்றையும் புதிதாக எழுதுகிறோம் என்று சொல்லி எழுதியபோதும் ஒரு நூல் பிசகாமல் இறங்கி வந்துவிட்டது.

அதற்காகக் காவல்துறைக்கு எல்லையே இல்லை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எல்லை இருக்கிறது, நாலு இடத்தில் சிதறிக் கிடக்கிறது. வற்புறுத்தல், அறிவுரை, எச்சரிக்கை எல்லாம் முடிந்த பிறகு, தவிர்க்கவே முடியாதபோது, இதற்குமேல் குறைக்க முடியாது என்ற அளவு பலத்தை மட்டும் பயன்படுத்து என்று மத்திய உள்துறை 1985இல் எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பிய காவலர் நடத்தை நெறி சொல்கிறது. கூட்டம் வன்முறையை நோக்கமாகக் கொண்டதாகவோ அமைதியைக் குலைக்கக்கூடியதாகவோ இருக்க வேண்டும், கலையச் சொல்லி உத்தரவு பிறப்பித்திருக்க வேண்டும், அதன் பிறகும் கலையாமல் இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் பலத்தைப் பயன்படுத்தலாம் என்று பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் கரம் சிங் வழக்கில் 1979இலேயே சொல்லிவிட்டது.

உச்ச நீதிமன்றத்தின் அனிதா தாக்கூர் தீர்ப்பு 2016 ஆகஸ்டில் வந்தது. ஜம்முவில் 2007இல் நடந்த ஓர் ஊர்வலத்தில் தடியடி. கூட்டம் கட்டுமீறியதால் ஆரம்பத்தில் பலத்தைப் பயன்படுத்தியதில் தவறில்லை என்றே நீதிமன்றம் சொன்னது. ஆனால் நிலைமை கட்டுக்குள் வந்த பிறகும் அடியை நிறுத்தவில்லை, அது அத்துமீறல் என்று சொல்லி, அடிபட்ட மனுதாரர்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இந்தத் தீர்ப்பை ஒவ்வொரு காவல் நிலையச் சுவரிலும் ஒட்டலாம் என்பேன். காரணம், அது காவலரின் இக்கட்டையும் பார்க்கிறது, அடிபட்டவரின் உரிமையையும் பார்க்கிறது, எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதையும் காட்டுகிறது. 148ஆவது பிரிவு தரும் அதிகாரம் கலைப்பதற்கு. ஓடிக்கொண்டிருப்பவர் ஏற்கெனவே கலைந்துவிட்டார். கீழே விழுந்து கிடப்பவரால் கலைய முடியாது. சந்துக்குள் வீட்டு வாசலில் நிற்பவர் கூட்டத்திலேயே இல்லை. இந்த மூன்று பேர் மீதும் விழும் அடிக்கு 148ஆவது பிரிவில் இடமில்லை; மற்ற யார் அடித்தாலும் என்ன குற்றமோ அதுதான்.

நடப்பது என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2009 பிப்ரவரி 19 அன்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே லத்தி சுழன்றது. வக்கீல்கள், ஊழியர்கள் மட்டுமல்ல, பதவியில் இருந்த நீதிபதி ஒருவரும் அடிபட்டார். அன்று எங்கள் தரப்பில் கல் பறந்ததையும், வளாகத்தில் இருந்த காவல் நிலையம் எரிந்ததையும் நான் மறைக்கப் போவதில்லை. 2017 ஜனவரி 23 அன்று மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் கலைக்கப்பட்ட நாளிலும் இரு பக்கமும் இருந்தது. ஐஸ்ஹவுஸ் காவல் நிலையத்துக்குத் தீ வைத்தார்கள். அதே நாளில் நடுக்குப்பத்தின் மீன் சந்தையும் எரிந்தது. நிறுத்தி வைத்திருந்த வண்டிகளைச் சீருடையில் இருந்தவர்கள் அடித்து நொறுக்கும் காட்சிகளை ஊரே பார்த்தது. கடற்கரையில் இருந்த கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரம் நடுக்குப்பத்து ஆட்டோவின் கண்ணாடி வரைக்கும் எப்படி நீண்டது? அன்று ஒவ்வொரு அணியும் எங்கே போனது, யார் உத்தரவில் போனது, எதைப் பயன்படுத்தியது என்று அன்றிரவே எழுதி வாங்கியிருந்தால் இந்தக் கேள்விக்கு ஒரு நாளில் பதில் கிடைத்திருக்கும்.

லத்தி ஆளைக் கொல்லாது என்ற நம்பிக்கை துறையில் ஊறிப் போயிருக்கிறது. திருநெல்வேலிக்காரர்கள் யாரிடமும் அப்படிச் சொல்லிவிட முடியாது. 1999 ஜூலை 23 அன்று, சிறையில் இருந்த மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை விடுதலை செய்யக் கோரியும் கூலிப் பிரச்சினைக்காகவும் கொக்கிரகுளத்தில் இருக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் வந்தது. அந்த அலுவலகம் எங்கே இருக்கிறது என்பது முக்கியம். தாமிரபரணிக் கரையை ஒட்டி இருக்கிறது. சாலைப் பக்கத்திலிருந்து தடியடி தொடங்கினால் ஜனம் ஓடக்கூடிய திசை ஆறுதான். ஓடினார்கள், இறங்கினார்கள், மேலே ஏற முடியவில்லை. 17 பேர் இறந்தார்கள். பெண்களும் உண்டு, ஒரு சின்னக் குழந்தையும் உண்டு. பெரும்பாலோர் தண்ணீரில் மூழ்கி இறந்தவர்கள். இன்றைக்கும் ஒவ்வொரு ஜூலை 23க்கும் கட்சிகளும் இயக்கங்களும் வரிசையில் நின்று ஆற்றில் மலர் தூவுகின்றன. அந்த வரிசையை ஒழுங்குபடுத்துவதும் உங்கள் காவலர்கள்தான்.

மூழ்கி இறந்தவரின் பிணக்கூராய்வு அறிக்கையில் லத்தி என்ற சொல்லே வராது. அதனால்தான் ஆயுதத்தை மட்டும் பார்த்து அது உயிரைப் பறிக்கும், இது பறிக்காது என்று பிரிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இடத்தையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் ரயில் பாதை என்று இருக்கும் இடத்தில் கூட்டத்தை விரட்டுவது என்பது கண்ணைக் கட்டி விரட்டுவதுதான். ‘கலைந்து போ’ என்று சொல்பவர் எந்த வழியாகப் போவது என்றும் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும், அந்த வழியில் காவலர் நிற்கக் கூடாது, இரண்டும் எழுத்தில் பதிய வேண்டும். வழி காட்டாமல் தொடங்கிய தடியடிக்கு உத்தரவிட்ட அதிகாரியே பதில் சொல்ல வேண்டும். தாமிரபரணிக்குப் பிறகு இத்தனை ஆண்டுகள் ஓடிவிட்டன. இந்த ஒரு விதியையாவது பொதுமக்கள் படிக்கும்படி எழுதி வைத்திருக்கலாம்.

கண்ணீர்ப்புகைக்கு வருகிறேன். போர்க்களத்தில் எதிரி ராணுவத்தின் மீது கண்ணீர்ப்புகை போடக் கூடாது என்று 1993ஆம் ஆண்டின் இரசாயன ஆயுத உடன்படிக்கை தடுக்கிறது. உள்நாட்டில் சட்டம் ஒழுங்குக்காகப் பயன்படுத்த அதே உடன்படிக்கை இடம் கொடுக்கிறது. இந்தியா அதில் கையெழுத்திட்ட நாடு. இதற்கு ராஜதந்திரக் காரணங்கள் இருக்கின்றன, அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. இடம் கொடுத்திருக்கிறார்களே என்பதற்காக எப்படி வேண்டுமானாலும் போடலாமா என்பதே என் கேள்வி. 2011 ஜூன் 4 நள்ளிரவில் தில்லி ராம்லீலா மைதானத்தில் பந்தலுக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானவர்களை எழுப்பிக் கலைத்தார்கள். கண்ணீர்ப்புகை, தண்ணீர், தடியடி எல்லாம் நடந்தது. முதுகுத்தண்டில் அடிபட்ட ஒரு பெண் சில மாதங்களில் இறந்துபோனார். யாரும் வழக்குப் போடும்வரை காத்திருக்காமல் உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரித்தது. 2012 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, தூக்கம்கூட வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றது. கூட்டத்தை நடத்தியவர்களின் கவனக்குறைவையும் விட்டுவைக்காமல் இழப்பீட்டில் ஒரு பங்கை அவர்கள் தலையிலும் கட்டியது. அது நியாயமான தீர்ப்பு என்றே நினைக்கிறேன்.

கண்ணீர்ப்புகைக் குண்டு கையிருப்புப் பதிவேட்டில் கழிந்துவிடும், உண்மைதான். ஆனால் அது எந்தத் திசையில் போனது, ஆளைப் பார்த்து நேராகச் சுட்டார்களா மேல்நோக்கிச் சுட்டார்களா, பக்கத்தில் பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ இருந்ததா என்பதைப் பதிவேடு சொல்லாது. நேராகச் சுட்டால் அந்த உலோகக் கூடே மண்டையைப் பிளக்கும். மூடிய இடத்துக்குள் விழுந்தால் மூச்சு முட்டும், வெளியேற முண்டியடிப்பதில் மிதிபடுவார்கள். 2024 பிப்ரவரியில் பஞ்சாப்–ஹரியானா எல்லையான ஷம்புவில் விவசாயிகள் மீது ட்ரோனிலிருந்து கண்ணீர்ப்புகைக் குண்டுகளைப் போட்டது ஹரியானா காவல்துறை. வானத்திலிருந்து விழும் குண்டுக்கு முன்னெச்சரிக்கை கொடுத்தது யார், உத்தரவிட்ட அதிகாரி தரையில் எங்கே நின்றார் என்று கேட்டால் நம் சட்டப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது? அப்படி ஒரு கருவி தமிழ்நாட்டுக்குள் வந்து சேர்வதற்கு முன்பே விதி வந்துவிட வேண்டும். வாங்கிய பிறகு விதி எழுதினால், வாங்கியதை நியாயப்படுத்தும் விதியாகத்தான் இருக்கும்.

ரப்பர் குண்டையும், ஈயமணிகளைச் சிதறடிக்கும் பெல்லட்டையும் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. வட அயர்லாந்தில் 1970இல் ரப்பர் குண்டு அறிமுகமானது, பின்னால் பிளாஸ்டிக் குண்டு வந்தது. இரண்டும் சேர்ந்து 17 பேரைக் கொன்றன; அதில் 8 பேர் சிறுவர் சிறுமியர். இவ்வகைக் குண்டுகளால் உலகெங்கும் காயம்பட்டவர்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான மருத்துவ ஆய்வில் 1,984 பேரின் விவரம் இருக்கிறது. அவர்களில் 53 பேர் இறந்தார்கள், 300 பேருக்கு நிரந்தர ஊனம். காஷ்மீரில் 2016இல் பெல்லட் பட்டுக் கண்ணில் காயமடைந்தவர்கள் நூற்றுக்கணக்கில். ஒரு தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கான ஈயமணிகள் இருக்கும் துப்பாக்கியை இடுப்புக்குக் கீழே சுடு என்று உத்தரவு போட்டு என்ன பயன்? சிதறிப் பறக்கும் மணி உத்தரவைப் படிப்பதில்லை. கூட்டத்தைக் கலைக்கத் தமிழ்நாட்டில் பெல்லட் பயன்படுத்தமாட்டோம் என்று ஒரு வரி அரசாணை போடுங்கள். செலவில்லாத வேலை.

இப்போது உங்கள் தரப்பு. காலை 4 மணிக்கு எழுப்பி வேனில் ஏற்றி, வெயிலில் நிறுத்தி, மதியம் பொட்டலச் சோறு கொடுத்து, சாயங்காலம் கல்லெறிக்கு நடுவில் தள்ளிவிட்டு, ‘நிதானமாக நடந்துகொள்’ என்று ஒரு 22 வயதுக் காவலரிடம் சொல்வது எளிது. சிறப்புக் காவல் படைக்காரர் எந்த ஊர் என்றே தெரியாமல் வந்து இறங்குகிறார். சந்து தெரியாது, ஆள் தெரியாது. பெண் காவலர்களுக்குக் கழிப்பறைகூட இல்லாமல் பத்து மணி நேரம் போகிறது. அடித்தால் இடைநீக்கம், அடிக்காவிட்டால் ‘கையாலாகாதவன்’ என்ற திட்டு. இதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால்தான் விதி எழுத்தில் வேண்டும் என்கிறேன். தெளிவான விதி இருந்தால், ‘தலையில் அடிக்கச் சொல்லி எனக்கு யாரும் உத்தரவிட முடியாது’ என்று கடைநிலைக் காவலரும் சொல்லலாம். இன்று உத்தரவு வாய்வழியாக வருகிறது, பழி மட்டும் எழுத்து வழியாக வருகிறது.

உங்கள் ஆயுதப்படை மைதானங்களில் நடக்கும் மாப் ஆபரேஷன் என்னும் கூட்டம் கலைக்கும் ஒத்திகையை ஒருமுறை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். அழகாக இருக்கும். காவலர்களே கைலியும் பனியனும் போட்டுக்கொண்டு கலகக்காரர்களாக வந்து கோஷம் போடுவார்கள். அதிகாரி ஒலிபெருக்கியில் எச்சரிப்பார், கொஞ்ச நேரம் கொடுப்பார். அப்புறம் கண்ணீர்ப்புகைக் குழு, அதன்பின் லத்திக் குழு, கடைசியில் ரைஃபிள் குழு என்று ஒவ்வொன்றாக முன்னேறும். பின்னாலேயே முதலுதவிக் குழு ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்து ‘காயம்பட்டவரை’ தூக்கிப்போகும். கலகக்காரர் ஓடுவதற்கு மைதானம் முழுக்கத் திறந்து கிடக்கும். ஒத்திகையில் இருக்கும் ஒழுங்கில் பாதி தெருவில் இருந்தால் எனக்கு வழக்கே வராது. 2018 மே 22, 23 தேதிகளில் தூத்துக்குடியில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அப்போது காவல்துறை வரம்பு மீறியது என்பதே அதன் முடிவு. ஒத்திகையில் இருக்கும் படிகள் அப்போது எங்கே போயின?

லத்தி பற்றி ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அது கூட்டத்தோடு நிற்பதில்லை. 2021 ஜூனில் சேலம் மாவட்டத்தில் ஒரு சோதனைச் சாவடியில் லத்தியால் அடிபட்ட மளிகைக் கடைக்காரர் இறந்தார். அங்கே கலைக்கக் கூட்டமே இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தார்கள். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் நிலையத்தில் இருந்த லத்திகளைக் கேட்டபோது காவலர்கள் கொடுக்கத் தயங்கியதும், லத்திகளிலும் மேசையிலும் ரத்தக்கறை இருந்ததாகப் பெண் தலைமைக் காவலர் ஒருவர் சொன்னதும் அவர் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிய அறிக்கையில் இருக்கின்றன. அடித்த லத்தி எது, அது அன்று யார் கையில் இருந்தது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு நடுவர் நேரில் போய் மன்றாட வேண்டியிருந்தது. துப்பாக்கி என்றால் எண்ணைப் பார்த்து ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். லத்திக்கும் எண் போடுங்கள், வாங்கும்போதும் வைக்கும்போதும் கையெழுத்து வாங்குங்கள்.

இனி, படிவம். ஒரே பக்கம் போதும். எந்த இடம், எத்தனை மணிக்கு, கலையச் சொன்னவர் யார், எந்த மொழியில், எத்தனை முறை, கலைய எவ்வளவு நேரம் கொடுத்தார்கள், எந்த வழியைத் திறந்து வைத்தார்கள். பிறகு எதை, யார் உத்தரவில் பயன்படுத்தினார்கள், எப்போது நிறுத்தினார்கள். காயம்பட்டவர்கள் எத்தனை பேர், காவலர் எத்தனை, பொதுமக்கள் எத்தனை, உடம்பில் எந்த இடத்தில். உத்தரவிட்ட அதிகாரி 24 மணி நேரத்துக்குள் கையெழுத்திட்டு மேலே அனுப்ப வேண்டும். நடக்காத காரியத்தைக் கேட்கவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2017 முதல், காவலர் ஒருவர் கைவிலங்கு மாட்டினால்கூட அதைப் பலப் பயன்பாடாகப் பதிவு செய்ய வேண்டும், ஆண்டுதோறும் அந்தக் கணக்கு வெளியாகிறது. அங்கே போலீஸ் வேலை நின்றுபோய்விடவில்லை.

அடிக்கக் கூடாத இடங்களையும் விதியில் எழுதுங்கள். ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி, தடியால் தலை, கழுத்து, தொண்டை, முதுகுத்தண்டு, சிறுநீரகப் பகுதி, வயிறு ஆகியவற்றில் அடிப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. அடித்தே ஆக வேண்டும் என்றால் கை, கால். அது நம்மைக் கட்டுப்படுத்தும் சட்டம் கிடையாது, ஆனால் அதை நம் காவல்துறையின் விதித்தொகுப்பான நிலை ஆணைகளில் சேர்க்க எந்தச் சட்டமும் தடையாக இல்லை. ஒவ்வொரு போராட்டத்திலும் உங்கள் ஆட்களே வீடியோ எடுக்கிறார்கள். வழக்கென்று வரும்போது கூட்டம் கல்லெறியும் பகுதி மட்டும் பத்திரமாகக் கிடைக்கும், மற்றது ‘பதிவாகவில்லை’. காவல் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. போராட்ட வீடியோவுக்கும் அதே கெடுவை வையுங்கள்.

உள்துறைச் செயலாளருக்குத் தனியாக இரண்டு விஷயம். 148ஆவது பிரிவின் கீழ் செய்ததாகச் சொல்லப்படும் எந்தச் செயலுக்கும் மாநில அரசின் அனுமதி இல்லாமல் வழக்குத் தொடர முடியாது என்கிறது 151ஆவது பிரிவு. பொதுவாக அரசு ஊழியர் மீது வழக்குத் தொடர அனுமதி கேட்டால், 218ஆவது பிரிவின்படி 120 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே ஆகிவிடும். 151இல் அந்தக் கெடு இல்லை. அதாவது கோப்பு உங்கள் மேசையில் எத்தனை ஆண்டு கிடந்தாலும் கேட்க ஆளில்லை. அந்த 120 நாளை இதற்கும் நீங்களாகவே ஏற்றுக்கொண்டு அரசாணை வெளியிடலாம். இன்னொன்று, காவல்துறை மீதான புகார் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை வகிக்க வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் 2006இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் மாநிலத்தின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நாற்காலியை உள்துறைச் செயலாளருக்கே கொடுத்தது. துறையை நடத்துபவரே துறை மீதான புகாரையும் விசாரிப்பது உங்களுக்கே சங்கடமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தச் சங்கடத்திலிருந்து விடுபடச் சட்டத்திருத்தத்துக்கு நீங்களே குறிப்பு எழுதலாம்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நாடாளுமன்றமோ சட்டமன்றமோ தேவையில்லை. காவல் நிலை ஆணைகளில் ஓர் அத்தியாயமும் ஓர் அரசாணையும் போதும். ரகசியம் என்று சொல்லவும் வழியில்லை. ஒவ்வொரு துறையும் தன் விதிகளையும் கையேடுகளையும் யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு சொல்கிறது.

மேலே சொன்ன படிவத்தின் மாதிரி ஒன்றைத் தமிழில் தட்டச்சு செய்து இரண்டு அலுவலகங்களுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கூட்டவும் குறைக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ‘உத்தரவிட்டவர் பெயர்’ என்ற கட்டத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தென்மாவட்ட வழக்கறிஞர் ஒருவர்